தொட்டிக்கு மூடி போட்ட பிறகு

அன்புள்ள சிட்டுவின் அப்பாவுக்கு,

நம் சமையலறை ஜன்னலில் அமோனியா ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. நான் சொல்லவில்லை, இன்று காலை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அறிக்கை சொல்கிறது. நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் அக்காவும் படிக்கட்டும்.

நீங்கள் சிட்டுவை உங்கள் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவள் இருமலுக்கு நான் வேலை பார்க்கும் சாண எரிவாயு நிலையம்தான் காரணம் என்றீர்கள். வாடையே இல்லையே என்று சண்டை போட்டேன். நீங்கள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வரவழைத்தேன்.

வந்த பெண் கழிவுத் தொட்டியை நெருங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கேயே ஃபிட்டர் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "காத்து நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். "உங்க மூக்கு வேலையை விட்டு ரொம்ப நாளாச்சுண்ணே" என்றாள். சொல்லிவிட்டு என்னையும் பார்த்தாள். எட்டு வருடமாக அங்கே நிற்கும் மூக்குதானே என்னுடையதும்.

சாணத்தோடு கோழி எருவைச் சேர்த்தது என் யோசனை. வாயு கூடியது, கூடவே அமோனியாவும். வாயுவை எடுத்தபின் மிஞ்சும் கரைசலில் என்ன இருக்கப்போகிறது என்று, அதைத் திறந்த தொட்டியில் மேலிருந்து கொட்டினோம். அங்கிருந்துதான் அது நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இப்போது கோழி எரு பாதிதான். குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, மேலே உறை போட்டாயிற்று. உள்ளே சேரும் காற்று அமிலத் தண்ணீரில் கழுவப்பட்டே வெளியேறுகிறது. வேலை முடியும்வரை புதிதாகச் சாணமோ எருவோ போட மாட்டேன் என்றதற்கு முதலாளி முணுமுணுத்தார். "தங்கச்சி சொன்னா சொன்னதுதான் சார்" என்று ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒன்று பாக்கி. இந்த அளவு மேகமூட்டமான வாரத்தில் எடுத்தது; வெயிலில்தான் அதிகம் கிளம்பும். இந்த வாரம் நல்ல வெயில். காற்றில் அமோனியாவை அளக்கும் சோதனைக் குழாய் இப்போது சிட்டுவின் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. முடிவு வியாழன் பிற்பகல் வரும். குறைந்திருக்கும் என்றே நம்புகிறேன். இல்லையென்றால் அன்றைக்கே நானே சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை வண்டியில் இரண்டு இடம் பிடித்துவையுங்கள். வந்ததும் வாசலில் நின்று வாடை வருகிறதா என்று சிட்டுவைக் கேளுங்கள். வருகிறது என்று அவள் சொன்னால் வருகிறதுதான். மறுபேச்சு பேசமாட்டேன்.

இருவரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா