கை காட்ட ஆள் இல்லாத மிஷின்

மச்சான்,

நேற்றுப் பெய்த மழையில் வயலெல்லாம் ஈரம். இன்று வேலை இல்லை. காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். காலர் மடிப்பில் இருந்த நெல்லின் சுணை கையில் குத்தியது. அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன் சட்டையை விட்டு அது லேசில் போகாது. நம் திருவொற்றியூரில் மீன் வாடை அடிக்கிற சட்டையைப் பார்த்து ஒருத்தரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். வைக்கோல் வாடை அடித்தால்தான், "இன்னாபா, மாடு மேச்சுட்டு வர்றியா?" என்பார்கள். "ஆமா, ஒண்ணு கொறையுது. உன்னியத்தான் தேடிகினு வர்றேன்" என்பாய் நீ. எனக்கு அந்தப் பதில் வாயில் வருவதில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

நீ போனது ஐப்பசியில், மஞ்சள் காமாலையில். கேட்கிறவர்கள் எல்லாரும், "மிஷின்ல மாட்டிகினானா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இல்லை என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்போது மட்டும் எனக்கு எரிச்சல் வருகிறது. மிஷினிடம் உன்னைப்போலப் பயபக்தியாக நடந்துகொண்டவன் எவன்? மற்றபடி எனக்கு எதுவும் வரவில்லை. காசிமேட்டுக் கல்லறையில் உன்மேல் மண் போட்டபோது, பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அப்புறமும் அழவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், யார் எது கேட்டாலும் சரி என்றேன்.

துறைமுகத்தில் நான் கிரேன் மேலே இருப்பேன், நீ கீழே. கன்டெய்னருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, உன் கை மட்டும்தான் தெரியும். நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, போகச் சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான். முஷ்டி என்றால் நில், விரித்த கை என்றால் போ. அப்படியே பழகிவிட்டோம். ஒப்பந்தம் முடிந்து நம்மை அனுப்பியபிறகு, லீவர் பிடித்த கை என்று மீஞ்சூர் முதலாளி என்னை அறுப்பு மிஷினுக்குக் கூப்பிட்டார். நீயும் ஒட்டிக்கொண்டாய். "நெல்லு அறுக்க எதுக்குய்யா ரெண்டு ஆளு?" என்றார். "அது நெல்ல மட்டும் அறுக்கறதில்ல மொதலாளி" என்றாய்.

வயலில் எனக்குத் தெரிகிற மாதிரி ஓரமாக, மிஷினைவிட்டு விலகி நடப்பாய். வேட்டி பறக்கக் கிட்டே வருகிறவர்களை விரட்டுவாய். மேலே கரண்டுக் கம்பி தாழ்ந்திருந்தால் நான் பார்ப்பதற்கு முன்பே முஷ்டியைத் தூக்கிவிடுவாய். ஈர வைக்கோல் போய்க் கத்தியில் அடைத்துக்கொண்டால், எஞ்சினை அணைக்கச் சொல்லி, சாவியை வாங்கி உன் பையில் போட்டுக்கொள்வாய். தூக்கி நிற்கிற முன்பகுதிக்கு முட்டுக் கொடுத்து, அதற்கப்புறம்தான் கையை உள்ளே விடுவாய். "கை எவன்து, சாவி அவன்து" என்பாய். நேரமாகிறது என்று வயல்காரர்கள் கத்துவார்கள். உனக்குக் காதே கேட்காது.

பொங்கல் கழிந்ததும் முதலாளி, "இந்த வருஷம் நீ ஒருத்தனே பாத்துக்க" என்றார். சரி என்றேன்.

முதல் வயலிலேயே எங்கே பார்த்தாலும் கைகள். டீக்குக் கூப்பிடுகிற கை, கொக்கை விரட்டுகிற கை, இந்த மூலையை விட்டுட்டியே என்று நீட்டுகிற கை. ஒரு திருப்பத்தில் மிஷினை நிறுத்தியிருந்தேன். வரப்பில் நின்ற வயல்காரர் "போ, போ" என்று கையை வீசினார். நான் லீவரைத் தள்ளிவிட்டேன். துறைமுகத்தில் ஒரு கை போ என்றால், அந்த ஆள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். இவர் எதையும் பார்க்கவில்லை, அவசரம்தான். அவருடைய சொந்தத் தம்பி கத்திக்கு நேர் முன்னால் குனிந்து, கதிரில் சிக்கிய உரச் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தார். கதிர் பொறுக்க வந்த பெண் ஒருத்தி அலறினாள். நிறுத்தினேன். தம்பி மல்லாந்து கிடந்தார். ஒரு செருப்பு உள்ளே போயிருந்தது. கால் தப்பியது.

எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை, மச்சான். அந்தச் செருப்பின் வார் நீலம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்த என்னை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். கை காட்ட ஆள் இல்லாமல் இனி ஏற மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் சரி என்றேன்.

சாயங்காலம் உன் ஸ்டெல்லா மீன் விற்றுவிட்டு நம் தெரு வழியாக வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தாள். "நாளிக்கு எத்தினி மணிக்குண்ணே பஸ்ஸு?" என்றாள். கை காட்ட அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டாள். "வூட்ல அவரு வாயத் தொறந்தா பேசுனாரு? சோறு போதும்னாலும் கைதான், கொளம்பு ஊத்துனாலும் கைதான். எனக்கா தெரியாது?"

மறுநாள், வேறு டிரைவர் கிடைப்பதற்கு முன்பே, உன் பேண்ட்டையும், உன் ஆரஞ்சு மேல்சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தாள். முதலாளி முகம் சுண்டிப்போனது. "வெயில்ல பொம்பள நிப்பியாம்மா?" என்றார். "கருவாடு காய வச்சிகினு நிக்கறவளுக்கு வெயிலு புச்சா? செருப்புக்கு பதிலா காலு போயிருந்தா நீங்களா வந்து நிப்பீங்க?" என்றாள். வெறுங்காலோடு வந்திருந்த தம்பியே, "அந்தம்மா நிக்கட்டும்யா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது சுற்றில் திடீரென்று முஷ்டியைத் தலைக்குமேல் தூக்கினாள். நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவினேன். எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை, சாக்கு இல்லை, மேலே கம்பியும் இல்லை.

"இன்னா தங்கச்சி?"

"ஒண்ணியும் இல்லண்ணே. என் கைக்கு நிக்கிறியான்னு பாத்தேன். அவருக்கு நின்னா மாதிரியேதான் நிக்கிற."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. வரப்பிலிருந்து வயல்காரர் "போ, போ" என்று கையை வீசிக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து கத்திக்கு முன்னால் பார்த்து, என் பக்கம் திரும்பிக் கையை விரிக்கும்வரை நான் சாவியைப் போடவில்லை.