டேப் டிரைவ் வேண்டுமா என்று ஒரே தடவை கேட்டவர்

ஜனவரி 9, 1996. டுலூத்.

இன்று காலை கணினியைப் போட்டதும் உள்ளே யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம். ஹார்ட் டிஸ்க்தான். ஆர்வித் காபிக் கோப்பையோடு வந்து காது கொடுத்துக் கேட்டார்.

"குளிருக்கு முனகுது. நானுந்தான் தினம் காலையில முனகறேன். என்னை மாத்திட்டியா?"

கணவர்கள் சிரிக்கலாம். அந்த டிஸ்கில்தான் என் பாசிக் கையேடு இருக்கிறது. ஏரிக்கரைப் பாறைகளில் மண்டியிட்டு மண்டியிட்டு வரைந்த படங்கள். மூலத் தாள்கள் போன வருடம் அடித்தளத்தில் குழாய் வெடித்தபோது கூழாகிவிட்டன. மிஞ்சியது திரையில் இருப்பது மட்டும். மினியாபொலிஸ் பதிப்பகம் மார்ச் கடைசிக்குள் கேட்கிறது.

ஜனவரி 13

படங்களை ஃப்ளாப்பியில் ஏற்றினால் ஒரு ஷூ பெட்டி நிறைய ஃப்ளாப்பி வேண்டும். கணினியில் இருப்பதை நாடாவில் நகலெடுத்து வைக்கும் டேப்தான் வழி. எந்த டேப்? உள்ளே பொருத்துவது ஃப்ளாப்பியின் கேபிளிலேயே தொங்கிக்கொள்ளுமாம். மலிவு; ஆமை வேகம். வெளியே வைப்பது பிரிண்டர் மாட்டும் இடத்தில் சொருகுவது. மூன்றாவது வகைக்குத் தனியாக ஒரு கார்டு வேண்டும். அதைப் படித்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மென்பொருளிலும் இதே கதை. அழகான ஜன்னல்கள் உள்ளதற்கு எட்டு மெகாபைட் நினைவகம் வேண்டும். என் பழைய 486 கணினியில் நாலு. எனக்கு வாய்த்தது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

ஜனவரி 17

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணினிக்காரர் சால் டெமார்க்கோ என் புலம்பலைக் கேட்டுவிட்டார்.

"என் வீட்டுல வெளிய வைக்கிற டேப் டிரைவ் ஒண்ணு சும்மா தூசி தின்னுட்டுக் கெடக்கு. வேணுமா மேடம்?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்!"

"சரி மேடம்."

போய்விட்டார்! என் வாய் பாதி திறந்தபடி நின்றது.

ஜனவரி 18

இன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 24

கேட்கவே இல்லை. டிரைவ் ஹாக்கிப் பயிற்சியாளர் வீட்டுக்குப் போய்விட்டது. "நீங்கதான் வேணாம்னுட்டீங்களே?" என்றார் சால், முகத்தில் கள்ளமே இல்லாமல். "ஆமா ஆமா, நல்லதாப் போச்சு" என்றேன். என் நாக்கை என்ன செய்வது!

நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் லவோன் மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். "அடியே, அவன் நியூ ஜெர்சிக்காரன்டி. நம்ம ஊர்ல மொதல் 'வேணாம்' வணக்கம் மாதிரி, ரெண்டாவது மரியாதை, மூணாவது தடவைதான் பதில்னு அவனுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எனக்குமே யாரும் சொல்லித் தந்ததில்லையே. பிறகு எப்படி இது என் எலும்பில் ஏறியது?

பிப்ரவரி 2

பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதை நெருங்குகிறது. கார் கிளம்பவில்லை. டிஸ்க் கிளம்பியது, சுரண்டிக்கொண்டே.

பிப்ரவரி 4

உள்ளே பொருத்தும் டிரைவையே வாங்கினேன். ஆர்வித் மாட்டினார். விளக்கு அணையாமல் எரிந்தது. கேபிள் தலைகீழ். திருப்பி மாட்டியபின் சுமுகம். பெட்டியில் 250 மெகாபைட் என்று போட்டிருக்கிறது. டேப் கொள்வதோ அதில் பாதி. மீதி, சுருக்கி அடைத்தால் கிடைக்குமாம். என் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. ஆக இரண்டு டேப்.

மென்பொருள் கேட்டது: டேப்பில் உள்ளதை அழித்து எழுதட்டுமா? பழக்க தோஷம், 'வேண்டாம்' தட்டினேன். உடனே மூடிக்கொண்டு போய்விட்டது. இதுவும் நியூ ஜெர்சி.

பிப்ரவரி 10

வீடு தீப்பிடித்தால் எல்லாம் ஒன்றாகப் போகுமே என்று, மறுபடி 'சரி' தட்டிப் படங்களை ஏற்றிய டேப்புகளைக் கராஜில், மான்கறி வைத்திருக்கும் ஃப்ரீசர் மேல் வைத்திருந்தேன். இன்று எடுத்து வந்து டிஸ்கோடு ஒப்பிடும்படி மென்பொருளிடம் சொன்னேன். பிழை. பிழை. திரை முழுக்கப் பிழை! அப்படியென்றால் என்னிடம் ஒன்றுமே இல்லையா? இத்தனை நாள் இருக்கு இருக்குன்னு நெனச்சுட்டுத் தூங்கியிருக்கேனே —

பிப்ரவரி 12

சால் மேசைக்குப் போனேன். குளிரைப் பற்றிப் பேசினேன். ஏரி உறைந்ததைப் பற்றிப் பேசினேன். "டேப்பெல்லாம் சில வீடுகள்ல ஒத்துவராதாமே..." என்று இழுத்தேன்.

"மேடம், என்னமோ கேக்க வந்திருக்கீங்க. கேட்டுருங்க. எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம்."

காது சுட்டது. "எங்க வீட்டுக்கு வந்து பாக்க முடியுமா?"

"முடியும்."

அவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள்!

பிப்ரவரி 13

சால் வாசலில் நுழைந்ததும் வீட்டுச் சூட்டில் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி படர்ந்து குருடனாக நின்றார். "ஒரு நிமிஷம், நான் எந்த வீட்டுல இருக்கேன்?" ஆர்வித் சிரித்தே விட்டார். சால் கண்ணாடியைக் கழற்றினார், அதையே பார்த்தார், பிறகு என்னை. "டேப் எங்கேருந்து எடுத்தீங்க?"

கராஜ் என்றேன்.

"என் கண்ணாடிக்கு ஆனதுதான் அதுக்கும் ஆயிருக்கும். சூடாகட்டும். தொடாதீங்க."

வெளியிலிருந்து வந்தால் கண்ணாடி தெளியும்வரை நிற்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். டேப்பும் அப்படியே வியர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லையே!

காத்திருந்தோம். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஓவனில் வேகவைத்ததைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "சாப்பிடறேன்" என்றார், முதல் தடவையிலேயே. ஆர்வித் கரண்டியை நழுவவிட்டார்.

டேப்பை ஒரு முறை முழுக்க ஓடவிட்டுத் திரும்பச் சுற்றினோம். ஒப்பிட்டோம். வித்தியாசம் எதுவும் இல்லை. அடுத்த டேப்பிலும் இல்லை.

பிப்ரவரி 29

டிஸ்க் போய்விட்டது. சுரண்டல்கூட இல்லை. மௌனம்.

மார்ச் 3

புது டிஸ்க். மென்பொருளை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றி, டேப்பைச் சொருகி, சோபாவில் கை கட்டி உட்கார்ந்தேன். ஆமைதான், ஆனால் வந்துகொண்டே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குள் கடைசிப் படம்வரை வந்துவிட்டது. ஆர்வித் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அவ்வளவு மோசமில்ல" என்றார். எங்கள் கல்யாணத்தன்றும் இதைத்தான் சொன்னார்.

ஏப்ரல் 19

பதிப்பகத்திலிருந்து தொலைபேசி. பதிப்பாசிரியை சிக்னி, எங்கள் மாநிலத்துப் பெண்தான், தெற்குப் பக்கம். புத்தகம் போடுகிறார்களாம். "படங்களையெல்லாம் கலர்லயே போடலாம்னு நெனைக்கிறோம். உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

"இல்ல, உங்களுக்கு நெஜமாவே..." என்று அடுத்த தடவையை ஆரம்பித்தேவிட்டாள் சிக்னி. பாவம், இன்னும் இரண்டு தடவை கேட்பதற்கு மூச்சை இழுத்து வைத்திருந்தாள்.