சிவப்பு அம்பு ஒட்டிய வீடு

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ நலம் என்பது, போனில் அம்மாவோடு நீ போட்ட சண்டைச் சத்தத்திலேயே தெரிந்தது, அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பத்திரத்தில் உன் அம்மாவின் பெயரையும் சேர்த்துவிட்டேன், இனி பாதி வீடு அவளுடையது. அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே, நாற்பத்திரண்டு வயதில் நான் கிழவன் இல்லை, வேலை செய்யும் இடத்தில் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரே ஆள் பெயரில் வீடு என்பது ஒற்றைக் கயிற்றில் தொங்கும் லிஃப்ட் மாதிரி, அதை லிஃப்ட் பழுது பார்க்கிறவன் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, அவ்வளவுதான்.

அரை நாள் வேலை என்று நினைத்து லீவு போட்டேன். பதிவு அலுவலகத்தில் அதிகாரி உன் அம்மாவைப் பார்த்து, உங்கள் கணவர் பாதி வீட்டை எழுதித் தருகிறார், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளோ தையல் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் இருக்கிற நினைப்பில், "இன்னும் செக் பண்ணலையே சார், பார்க்காம எப்படி பாஸ் பண்றது" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அங்கேதானே இருக்கிறீர்கள் என்றார் அவர். இதுவரை அது இவர் வீடு, குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், சும்மா இருந்தேன், என் பெயருக்கு வருவதென்றால் பார்த்துத்தான் வாங்குவேன் என்று எழுந்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் என் மானம் கப்பலேறியது.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்கச் சிவப்பு அம்பு. துணியில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தைக் காட்ட கம்பெனியில் ஒட்டுவார்களே, அந்த ஸ்டிக்கர். தூக்கிப் பிடித்து உதைத்தால் மட்டும் மூடும் குளியலறைக் கதவில் ஒன்று, ஒழுகும் குழாயில் ஒன்று, படுக்கையறை ஃபேனைச் சுற்ற வைக்கும் சமையலறை சுவிட்சில் ஒன்று. உன் அறையில் நான் குவித்திருந்த பழைய மோட்டார்களுக்கு ஒட்டி மாளவில்லை. ஊர் லிஃப்ட்டை எல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டு லட்சணத்தைப் பார் என்று உன் சித்தி வேறு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக வேலைக்குப் போனால், கூட வேலை செய்கிறவன் என் முதுகைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் சட்டையிலும் ஒரு அம்பு. வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்பு காட்டிய இடத்தில் ஒரு சின்னக் கிழிசல். "இது தையல் விட்டது இல்ல, ஏதோ இழுத்துக் கிழிஞ்சது. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து போடறேன்" என்றாள். லிஃப்ட் மேலே நின்றபோது கால் வழுக்கியதையும், இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்பு பெல்ட் பிடித்து நிறுத்தியதையும் சொன்னேன். உனக்கும் இப்போதுதான் சொல்கிறேன், போன் போட்டு அழாதே. அவள் அழவில்லை. அந்தப் பயத்தில்தான் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களா என்றாள். ஆமாம் என்றேன். முதலிலேயே சொல்லியிருந்தால் குழாய் ஒழுக ஒழுகவே வாங்கியிருப்பாளாம். என் ஞாயிற்றுக்கிழமைகளை யார் திருப்பித் தருவது? சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தாள். அந்த அதிகாரி மறக்கவில்லை, என்னம்மா, வீடு பாஸா என்று கேட்டார். பாஸ் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இன்னும் ஒன்று. பள்ளிக்கூடம் படிக்கும்போது நீ ஒரு வேலை பார்த்தாயே, குளியலறை விளக்கைப் போட்டால் வாசல் மணி அடிப்பது மாதிரி, அதில் மட்டும் அம்பு இல்லை. மறந்துவிட்டாள் போல என்று டெஸ்டரோடு ஏணியில் ஏறினேன். "இறங்குங்க. அது என் பாதியில இருக்கு" என்றாள். நான் குளிக்கப் போகும்போதெல்லாம் மணி அடிக்கிறது, இவளும் போய் வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறாள், யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தே.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. உன் அறையைக் காலி செய்துவிட்டேன், லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா, ஒரு தடவையாவது அவள் கதவைத் திறக்கும்போது ஆள் நிற்கட்டும்.

இப்படிக்கு,
மிச்சப் பாதியின் சொந்தக்காரன்,
அப்பா