வியாழக்கிழமைப் பன்றி

இஞ்சேருங்கோ, நான் வேலைக்குப் போறன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பிரிட்ஜுக்க இருக்கு. நேற்று இரவுச் சண்டைக்காகப் பட்டினி கிடக்காதேங்கோ.

நாங்கள் சுற்றுலா போற ஹவாயில பன்றி சுட்டுத்தாற அந்த லுவாவ் விருந்துக்கு வெள்ளிக்கிழமை வரமாட்டன் எண்டா வரமாட்டன்தான். "அங்க வெள்ளி பின்னேரம், நல்லூர் முருகனுக்குச் சனி விடிஞ்சிடும்" எண்டு சொன்னியள். இது ஒரு கதையே?

டிக்கெட் போடுற தனுஷாவோட கதைச்சன். வியாழனும் விருந்து இருக்காம், மாத்திப்போட்டன். பூமாலை போட்டு ஆடவும் விடுவினமாம். எனக்கும் ஆசைதான். வெள்ளிக்கு மட்டும் நல்ல மரக்கறிச் சாப்பாட்டுக் கடையாப் பாருங்கோ.

சிவநேசம்

பி.கு: உங்கட கணக்குப்படி, நாங்கள் வியாழன் பின்னேரம் பன்றி சாப்பிடேக்க நல்லூரில வெள்ளி விடிஞ்சிருக்கும். முருகனுக்கு நான் சொல்லமாட்டன். நீங்களும் வாய் திறவாதேங்கோ.