பத்திரிகையில் இடம் மாறிய தெய்வத்திரு

ஆரப்பாளையம்,
மதுரை.

அன்பு மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கச்சி தமிழ்வாணியும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே போலந்துக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். உன் மாமாவும் சுகம், உயிரோடுதான் இருக்கிறார். இதை ஏன் தனியாக எழுதுகிறேன் என்றால், தமிழ்வாணி கல்யாணப் பத்திரிகையில் அவரை நாம் சாகடித்துவிட்டோம். போனில் சொன்னால் நீ சிரித்துக்கொண்டே கேட்பாய், எனக்கு ஆத்திரம் வரும். அதனால் லீவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டாயே, அந்தப் பத்திரிகையோடு இதையும் சேர்த்து கூரியரில் போடுகிறேன். அங்கே அதை யார் படிக்கப் போகிறார்களோ தெரியவில்லை.

நீ பத்திரிகையை வேர்டில் அடித்து, அதையே பிடிஎஃப் ஆகவும் மாற்றி, இரண்டையும் அனுப்பினாய். அச்சகத்துக்குப் பிடிஎஃப்பை மட்டும் குடும்மா, வேர்டைத் திறந்தால் கலைந்துபோகும் என்று படித்துப் படித்துச் சொன்னாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோரிப்பாளையம் அச்சகத்துக்கு நான் கிளம்புகிற நேரம் பார்த்து உன் பெரியப்பா சிவனாண்டி வந்து, எம் பேரு எங்கத்தா, தம்பி போயிட்டா அண்ணனும் போயிட்டானா என்று கேட்டுவிட்டார். நம் சனம் பந்தியில் இலை கிடைக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும், பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் பொறுக்காது, உனக்குத் தெரியாததா. அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பாண்டிச்செல்வி என்கிற பிள்ளை, பிடிஎஃப்ல பேரு சேக்க வராதும்மா, வேர்டு இருந்தா குடுங்க என்றது. கொடுத்தேன். நீ பேர்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்கு முன்னால் போடுகிற திரு, செத்தவர்களுக்குப் போடுகிற தெய்வத்திரு எல்லாவற்றையும் தனி வரிசையாகவும் அடித்து வைத்திருக்கிறாய். பெரியப்பா பேரை எல்லாருக்கும் மேலே சேர்த்ததும் பேர்கள் மட்டும் ஒரு படி கீழே இறங்கிவிட்டன, முன்னால் நின்றவை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டன. உங்கப்பாவுக்கு மேல் வரியில் இருந்த விருமாண்டி மாமா இறங்கி வந்து தெய்வத்திருவுக்குப் பக்கத்தில் நின்றார். போன வருசம் நம்மை விட்டுப்போன உங்கப்பா அதற்கும் கீழே இறங்கி, வெறும் திரு. சின்னான் ஆகிவிட்டார். பாண்டிச்செல்வி அதை என் போனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னது. நானும் கண்ணாடி இல்லாமல் பார்த்து எல்லாம் சரி என்றேன். பெரியப்பா பேர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், இருந்தது.

குலசாமிக்கு வைத்த பிறகு பத்திரிகை முதலில் தாய்மாமனுக்குத்தானே. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் காளவாசலுக்குப் போய், அண்ணே, நீதான் முன்ன நின்னு நடத்தணும் என்று என் கையாலேயே கொடுத்தேன். அவர் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே வந்தவர் தன் பேரில் நின்றுவிட்டார். ஒச்சாயி அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, புருசன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. மாமா திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் எப்ப செத்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் எழவுக்கு வந்திருப்பேன்ல என்றார். கம்ப்யூட்டர் தப்பு என்றேன், உன் தப்பு என்றும் சொன்னேன், அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அவர் தட்டை என் பக்கம் தள்ளி, செத்தவன் வந்து மாலை போட்டா பிள்ளைக்கு ஆகாது, வேற ஆளப் பாத்துக்க என்று உள்ளே போய்விட்டார். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாமல் நம் வீட்டில் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறது? அதிலும் அப்பன் இல்லாத பிள்ளை. தமிழ்வாணி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் அச்சகத்தில் நான் பாண்டிச்செல்வியைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கும்போது மாமாவே வந்து நின்றார். உன்னய நம்பி விட்டா அடுத்து ஒச்சாயியையும் கொன்னுருவ என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். எழுத்தைப் பெரிசாக்கச் சொல்லி ஒவ்வொரு பேராக விரல் வைத்து வாசித்தார். அவருக்குத் திரு வந்தது. அடுத்து அந்தப் பிள்ளை உங்கப்பா பேருக்கு முன்னால் தெய்வத்திரு அடிக்கப் போனது. வேணாம் தாயி, அது கெடக்கட்டும், எம் மாப்ள, மக கல்யாணம் முடியிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் என்றார் மாமா. உங்கப்பா இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரு விசேஷத்திலாவது ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. பாண்டிச்செல்வி என் முகத்தைப் பார்த்தது, நான் சரி என்று தலையை ஆட்டினேன். இதப் பிடிஎஃப் ஆக்கிட்டா எவனும் கை வைக்க முடியாதுல்ல என்று மாமா கேட்டார். முடியாதுய்யா என்றது. அப்ப ஆக்கு என்றார்.

தப்பாக அடித்த பத்திரிகைக் கட்டை மாமாவே தூக்கிக்கொண்டு போனார், என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. நீ பந்தக்கால் ஊன்றுவதற்கு முந்தின நாளே வந்துவிடு, வரும்போது மாமாவுக்கு நல்லதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கி வா. மதுரை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதே, ஒரு தடவை கொன்றிருக்கிறோம், சும்மா கையை வீசிக்கொண்டு போய் நிற்க முடியாது. தலைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். மீனாட்சி உனக்குத் துணை நிற்பாள், எந்தக் குறையும் வராமல் நூறு வயசு இருப்பாய். பத்திரிகையைப் பிரித்ததும் உங்கப்பா பேரைப் பார். பார்த்துவிட்டு, தப்பு இருக்கும்மா என்று மட்டும் எனக்குப் போன் பண்ணாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துத்தாய்