என்ன வேண்டும், சொல்லுங்கள்

ஆகஸ்ட் 14

பர்கர் கடையில் கார் வரிசைக்கு, இறங்காமலே வாங்கிப் போகிறவர்களுக்கு, மைக்கில் ஆர்டர் வாங்கி முடித்து, அப்படியே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போனேன். வீட்டுக்கு வந்தால் மகள் சித்லாலி தனியாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். ஒரே வேலையில் ஒருத்தி பிழைக்க முடியாதா?

ஆகஸ்ட் 17

எங்கள் கூலியை உயர்த்தும் சட்டத்துக்காகச் சாக்ரமெண்டோவில் இருக்கும் மாநிலச் சட்டசபையில் போய்ப் பேசச் சொல்கிறது சங்கம். மேனேஜர் டகோபெர்ட்டோவிடம் லீவு கேட்டேன்.

"போ, போய்ப் பேசு. கூலி ஏறினா முதலாளி உன் இடத்துல ஆர்டர் எடுக்கிற மெஷினை வைப்பாரு. அது லீவே கேக்காது."

"நம்ம மில்க் ஷேக் மெஷின் மாசத்துல பாதி நாள் படுத்தே கிடக்குதே, அது யார்கிட்ட லீவு கேட்டுச்சு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு லீவு கொடுத்தான். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை.

ஆகஸ்ட் 23

மானம் போச்சு. இல்லை, போகல.

பெரிய மண்டபம், கோட்டுப் போட்ட ஆட்கள். எனக்கு முன்னால் ஒரு கடை முதலாளி பேசினார். கூலி ஏறினால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். அழாத குறை. அது நடிப்பில்லை.

அடுத்து நான். மைக்கைக் கண்டதும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "வாங்க, வணக்கம். என்ன வேணும், சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. வருஷக்கணக்கான பழக்கம் — விடுமா? பிறகு எங்கிருந்தோ ஒரு தைரியம்.

"நாள் முழுக்க எல்லாரையும் கேக்குறேன். என்னை யாரும் கேட்டதில்ல. நானே சொல்லிக்கிறேன். எனக்கு ஒரு வேலை போதும்னு ஆகணும். சாயங்காலம் மகளோட உக்காந்து சாப்பிடணும்."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அந்த முதலாளியும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு என்னை நினைத்தே பெருமை. ஆமாம், பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 29

சட்டம் வந்துவிட்டது. ஏப்ரலில் கூலி ஏறும். பொரிக்கிற இடத்தில் நின்று அழுதேன். எண்ணெய்ப் புகை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4

மெஷினும் வந்துவிட்டது, கடைக்குள் வாசல் பக்கம் நிற்கிறது. கார் வரிசை இன்னும் என்னுடையதுதான், நாளைக்கு எப்படியோ. "என் கூலியும் ஏறியிருக்கு, எர்லிண்டா" என்று டகோபெர்ட்டோ எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "தெரியும்" என்றேன்.

துடைக்கிற வேலையை நேற்றோடு விட்டேன்.

சாயங்காலம் டோர்ட்டியா, எங்கள் சோள ரொட்டி, சுட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். சித்லாலி கரண்டியை மைக் மாதிரி பிடித்தாள். "வாங்க, வணக்கம். என்ன வேணும்மா, சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தேன்.

"இன்னும் ஒரு டோர்ட்டியா" என்றேன்.