என் முதல் துப்பாக்கி

11 மார்ச் 2005, வெள்ளி

நாற்பது வயதில் இன்று முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். அரை மணி நேரம் தீர யோசித்து எடுத்த முடிவு. துபாயில் நாங்கள் தங்கியிருக்கும் ஜெபல் அலி கேம்ப் பக்கத்துக் கடையில் மூன்று ரகம் இருந்தன. பேட்டரி போட்டது என் கைக்கு எட்டாத விலை. மலிவானது கிளிப்பச்சை. மகன் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "அப்பா, பார்த்தா போலீஸே நிஜத் துப்பாக்கின்னு நம்பணும்." ஆகவே பத்து திர்ஹமுக்குக் கறுப்பாக, கனமாக ஒன்று எடுத்தேன். கடைக்காரப் பட்டாணியர் அதை என் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "பாய், ஏக்தம் ஒரிஜினல்!" என்றார்.

அறையில் என்னோடு தங்கியிருக்கும் செல்வம் இன்று மாலை விமானத்தில் ஊருக்குப் போக இருந்தான். ஞாயிறு காலை அவன் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீட்டில் இவன்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும். பொம்மையை அவனிடம் கொடுத்தேன்.

"அண்ணே, பெட்டியக் கட்டியாச்சு. முப்பது கிலோ கரெக்டா நிக்குது. இனி கயித்த அவுத்தா எவனாவது இன்னொரு பால்பவுடர நுழைச்சிருவான். கைப்பையில போட்டு விடுங்க."

கீறல் விழக் கூடாது என்று துண்டில் சுற்றி, பையின் அடியில், துணிகளுக்குள் பத்திரமாக வைத்தேன்.

ஏர்போர்ட்டில் போலீஸ் அதை நிஜத் துப்பாக்கி என்றே நம்பியது. பிரித்துப் பார்த்து அவர்கள் வேறு முடிவுக்கு வருவதற்குள் விமானம் போய்விட்டது.

"பொம்மைன்னு நாலு பாஷையில சொன்னேண்ணே," என்றான் செல்வம், அறைக்குத் திரும்பி வந்து.

அவனுக்கு அடுத்த டிக்கெட் திங்கட்கிழமைக்குத்தான் கிடைத்திருக்கிறது.